ஊசியும் துவாரமும்

மோட்டார் சைக்கிள் ஒன்று நடுத்தெருவில் நின்றுவிட்டால் அதற்கு வைத்தியம் சொல்லுவதற்கு நம் நாட்டில் ஆள் பஞ்சம் ஏற்பட்டதே கிடையாது. வெற்றிலைக் கடைக்காரர் ஒரு மருந்து சொல்லுவார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் வேறொரு மருந்து சொல்லுவார், வாழ்நாளில் வண்டியைத் தொட்டறியாத பெரியவர் ஒருவர், "கார்புரேட்டரைக் கழற்றி ஊதுங்கள், எல்லாம் சரியாய்ப் போய்விடும்" என்று முடிவான தீர்ப்பு வழங்கிவிட்டு நடையைக் கட்டுவார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஊதினால் சில சமயம் வண்டி கிளம்பியும் விடுகிறது! அன்று முதல் ஊதும் சாஸ்திரத்துக்கு அந்தத் தெருவில் அழியாத புகழ் ஏற்பட்டுவிடுகிறது.

தூசியை ஊதிப் போக்கலாம். ஆனால் எந்த நம்பர் ஜெட்டைப் போடுவது, ஊசியை எந்தக் காடியில் நிறுத்துவது என்பவற்றை ஊதி அறிய முடியாது. பிறரைக் கேட்டும் அறிய முடியாது. அதை யந்திரத்தையே கேட்டு அறிய வேண்டும். கேட்கும் முறை தெரிந்தவர்களுக்கு அது மிகத் தெளிவாகப் பதில் சொல்லுகிறது. இந்த வாரம் நாம் சொல்லப் புகுந்த விஷயம் இவ்வளவே.

"குடும்பப் பத்திரிகையில் கார்புரேட்டருக்கு என்ன வேலை?" என்று சில வாசகர்கள் புருவத்தை நெரிக்கலாம். அவர்களை வெண்ணந்தூருக்கு ஒரு முறை மானசீகமாக அழைத்துச் செல்ல விரும்புகிறோம். சேலத்துக்குத் தெற்கே, இராசிபுரத்துக்கு அருகே உள்ள நெசவூர் அது. அங்கே நூல் கட்டுகளும் நெய்த சேலைகளும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போவது பெரும்பாலும் இரண்டு சக்கரங்களின் மேல்தான். 1980-ம் வருஷத்தில் ஓசூரிலிருந்து புறப்பட்ட டி.வி.எஸ். 50 என்னும் சின்னஞ்சிறு வண்டியும் அதன் சந்ததிகளும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் செய்துவரும் ஊழியத்துக்கு ஈடு சொல்ல முடியாது. தறிக்காரர் ஒருவருடைய வண்டி நான்கு நாள் பட்டறையில் படுத்துவிட்டால், பாவுக்கு வரவேண்டிய நூல் வராது, தறி நிற்கும், வாரக் கூலி குறையும். ஆகவே, வீட்டிலுள்ள அனைவரையும் பாதிக்கும் விஷயம் இது என்பதில் சந்தேகமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 2020-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி முதற்கொண்டு அமலுக்கு வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகளினால், புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. அதனிடத்தில் மின்சார மூளையுடன் கூடிய பெட்ரோல் பீச்சி வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் வாங்கிய வண்டிகள் ஏராளமாக ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வண்டிகள் பழையவை, அவற்றுக்குள் ஊற்றுகிற பெட்ரோலோ புதியது. இந்தப் பொருத்தமின்மையை யார் சரிசெய்வது? அங்கேதான் ஜெட்டும் ஊசியும் வந்து சேருகின்றன.

மூச்சும் தீனியும்

கார்புரேட்டரின் தத்துவம் மிகவும் எளிது. எஞ்சின் மூச்சை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்று ஒரு குறுகிய கழுத்தின் வழியாக விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த இடத்துக்குக் கீழே உள்ள சிறு தொட்டியிலிருந்து பெட்ரோல் மேலே எழும்பித் தூவானமாகக் காற்றோடு கலக்கிறது. இவ்வாறு தூவும் கார்புரேட்டருக்கு ஹங்கேரி தேசத்து டோனாத் பாங்கி, யானோஷ் சோங்கா என்னும் இருவர் 1893-ம் வருஷத்திலேயே உரிமைப் பட்டயம் கோரியிருந்தார்கள். நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாகியும் தத்துவம் மாறவில்லை.

சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு முழுவதும் எரிவதற்கு, எடைக்கு எடை 14.7 பங்கு காற்று வேண்டும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட காற்று! இந்தப் பிரமாண்டமான காற்றுக்கும் அந்தச் சிறு பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைக் காத்து நிற்பது ஒரு பித்தளைத் துண்டில் உள்ள மயிரிழைத் துவாரம் என்றால் ஆச்சரியமாக இல்லையா? அந்தத் துவாரம்தான் ஜெட்.

பெட்ரோல் அதிகமானால் பட்டறைக்காரர் "ரிச்" என்கிறார். குறைந்தால் "லீன்" என்கிறார். இதை வெண்ணந்தூர் வாசிகளுக்கு விளக்க நாம் சிரமப்பட வேண்டியதில்லை. பாவுக்குக் கஞ்சி போடும்போது கஞ்சி கெட்டியானால் நூல் விறைத்துப் போகிறது. நீர்த்துப் போனால் தறியில் இழை அறுகிறது. நடுவே உள்ள பக்குவம் கைப்பழக்கத்தில் இருக்கிறது. கார்புரேட்டரிலும் அப்படியே. கலவை கெட்டியானால் கரும்புகை, பெட்ரோல் விரயம், பிளக்கில் கரி. நீர்த்துப் போனாலோ எஞ்சின் தும்மும், சூடேறும், இழுக்க மறுக்கும். கடைசியில் பிஸ்டனுக்கே ஆபத்து வரும். கெட்டிக் கலவை பணத்தைத் தின்கிறது. நீர்த்த கலவை யந்திரத்தையே தின்கிறது. இவ்விரண்டில் பின்னதே கொடியது.

எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்த ஆபத்து இருமடங்கு. அங்கே பெட்ரோல் குறைந்தால் கூடவே வரும் எண்ணெயும் குறைகிறது. இதைக் கேள்விப்பட்டுச் சிலர் எண்ணெயைக் கூடுதலாகக் கலந்துவிடுகிறார்கள். அதே துவாரத்தின் வழியே எண்ணெய் அதிகமாகப் போனால் பெட்ரோல் அவ்வளவுக்குக் குறைந்துதானே போகும்? கலவை இன்னும் நீர்த்துப் போகிறது. நல்ல எண்ணத்துடன் செய்த காரியம் தீமையில் முடிவதற்கு இது ஓர் உதாரணம்.

நான்கு அதிகாரிகள்

ஒரு ஜில்லாவில் பல அதிகாரிகள் இருப்பதுபோல, ஸ்லைடு வைத்த சாதாரணக் கார்புரேட்டரிலும் நான்கு அதிகாரிகள் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி எல்லை உண்டு. கைப்பிடியை எவ்வளவு திருகியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து அதிகாரம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாறுகிறது.

கைப்பிடி மூடியிருக்கும்போதும், எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரையிலும் அதிகாரம் செலுத்துவது சிறிய ஜெட். இதைப் பைலட் ஜெட் என்றும், பட்டறையில் ஸ்லோ ஜெட் என்றும் சொல்லுவார்கள். பக்கத்திலுள்ள காற்றுத் திருகு இதற்குத் துணை அதிகாரி.

எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை, மேலும் கீழும் ஏறி இறங்கும் ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும் பாகம் கலவையைத் தீர்மானிக்கிறது.

கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை ஊசியின் ஆட்சி. நுனி கூர்மையாகத் தேய்த்த இந்த ஊசி, ஊசி ஜெட் என்னும் பித்தளைக் குழாய்க்குள் தொங்குகிறது. ஸ்லைடு உயர உயர ஊசியும் உயர்ந்து, சுற்றியுள்ள இடைவெளி பெருகுகிறது. பெட்ரோல் அதிகமாக வருகிறது. ஊசியின் தலைப்பில் பெரும்பாலும் ஐந்து காடிகள் இருக்கும். அவற்றில் ஒன்றில் சிறு கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பைக் கீழ்க் காடிக்கு மாற்றினால் ஊசி உயரும், கலவை கெட்டியாகும். மேல் காடிக்கு மாற்றினால் ஊசி இறங்கும், கலவை நீர்க்கும். கீழே இறக்கினால் மேலே ஏறுகிறது என்னும் இந்த விசித்திரத்தினால் தலைகீழாக மாட்டிவிட்டு வருந்துகிறவர்கள் அநேகர். கிளிப்பை மறந்துவிட்டு, "ஊசி உயர்ந்ததா, தாழ்ந்ததா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டால் குழப்பம் இராது.

முக்காலிலிருந்து முழுத் திறப்பு வரை மெயின் ஜெட்டின் ராஜ்யம்.

இப்போது ஒன்று யோசித்துப் பாருங்கள். வெண்ணந்தூரிலிருந்து இராசிபுரத்துக்கு நிதானமாக நூல் கட்டு ஏற்றிச் செல்லும் மனிதர் எத்தனை தரம் கைப்பிடியை முழுவதும் திருகுகிறார்? மிகவும் அபூர்வம். அவருடைய பிரயாணத்தின் பெரும் பகுதி ஸ்லைடின் அடிவெட்டிலும் ஊசியின் கீழ்ப்பாதியிலுமே கழிந்துவிடுகிறது. ஆனால், "மைலேஜ் வரவில்லை" என்றவுடன் பலரும் மாற்றச் சொல்லுவது மெயின் ஜெட்டை! குற்றம் செய்தவன் ஒருவன் இருக்க, அடுத்த தெருக்காரனைப் பிடித்துச் சிறையிலிட்டது போலத்தான் இது.

நம்பரின் மாயம்

நம்பர் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. நெசவாளர்களுக்கு நூல் நம்பர் தெரியும்: 40-ம் நம்பர் நூலைவிட 80-ம் நம்பர் நூல் மெல்லியது. நம்பர் ஏறினால் பருமன் குறையும். ஜெட்டில் இதற்கு நேர்மாறு. நம்பர் ஏறினால் துவாரம் பெரிது. ஸ்லைடின் அடிவெட்டிலோ மறுபடியும் நூல் கணக்குத்தான். வெட்டு நம்பர் ஏறினால் காற்று அதிகம் புகுந்து கலவை நீர்க்கும்.

இதோடு நிற்கவில்லை. இங்கிலாந்தின் ஆமல் கம்பெனியார் தங்கள் மெயின் ஜெட்டுக்கு இட்ட நம்பர், அதன் வழியே ஒரு நிமிஷத்தில் இத்தனை கன சென்டிமீட்டர் திரவம் பாய்கிறது என்ற கணக்கு. வேறு சில கம்பெனியார் துவாரத்தின் குறுக்களவை ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகக் கணக்கிட்டு நம்பர் இடுகிறார்கள். ஆகவே ஒரு கம்பெனியின் 100-ம் மற்றொரு கம்பெனியின் 100-ம் ஒன்றல்ல. "என் சிநேகிதர் வண்டியில் 110 போட்டிருக்கிறார், பிரமாதமாக ஓடுகிறது" என்பதைக் கேட்டு நாமும் 110 போடுவது, அடுத்த வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வதற்குச் சமானம். அவருடைய வண்டி வேறு, காற்று வடிகட்டி வேறு, புகைக் குழாய் வேறு. எந்தக் கம்பெனி ஜெட் அந்தக் கார்புரேட்டரில் முதலில் இருந்ததோ, அதே கம்பெனி, அதே வகையில் ஒரு படி மேலோ கீழோ மாற்றிப் பார்ப்பதே முறை.

வரிசையாகச் செய்யும் வேலை

1955-ம் வருஷத்தில் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் கூடி என்ஃபீல்டு இந்தியா என்னும் ஸ்தாபனத்தைச் சென்னையில் தோற்றுவித்தன. அங்கிருந்து புல்லட் வண்டிகள் வந்தன. பிற்காலத்துப் பழைய இரும்பு எஞ்சின் புல்லட் 350-ல் மிக்கார்ப் வி.எம். 24 என்னும் கார்புரேட்டரைப் பார்க்கலாம். 24 என்பது அதன் காற்றுத் துவாரத்தின் மில்லிமீட்டர் அளவு. ஸ்லைடு, ஊசி, ஜெட் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி அமைந்த இத்தகைய கார்புரேட்டரைப் போன்ற நல்ல பாடப் புத்தகம் வேறில்லை.

பாடத்தின் முதல் அத்தியாயம், ஜெட்டைத் தொடாமலிருப்பது! காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா, கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர் வெடித்துத் திருட்டுக் காற்று புகுகிறதா, மிதவையின் மட்டம் சரியா, பிளக்கின் பொறி பலமாக இருக்கிறதா, வால்வு இடைவெளி ஒழுங்கா என்று இவற்றையெல்லாம் முதலில் பார்த்துவிட வேண்டும். ரப்பர் வெடித்த வண்டிக்குப் பெரிய ஜெட் போடுவது, கூரை ஒழுகும் வீட்டில் பெரிய பாத்திரம் வாங்கி வைப்பது போன்றது.

இரண்டாவதாக, கைப்பிடியில் குறி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வெள்ளைத் துணிப் பட்டையை ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுமை என்று ஐந்து கோடு போட்டால் போதும். வெண்ணந்தூரில் ஐந்து வர்ண நூலுக்குப் பஞ்சமா? நூலையே சுற்றிக்கொள்ளலாம். இந்தக் குறி இல்லாமல், எந்த அதிகாரியின் எல்லையில் கோளாறு என்பதைச் சொல்லவே முடியாது. "வேகமாகப் போனால் இடிக்கிறது" என்பது நோயின் பெயரல்ல. "கைப்பிடி பாதி திறந்தால் இடிக்கிறது" என்பதுதான் நோயின் பெயர்.

மூன்றாவதாக, வரிசை. ஆமல் கம்பெனியாரின் பழைய வழிகாட்டி சொல்லும் கிரமம் இன்றும் நல்லதே: முதலில் மெயின் ஜெட், பிறகு பைலட், பிறகு ஸ்லைடின் வெட்டு, பிறகு ஊசி, கடைசியில் மறுபடியும் பைலட். ஒரு தரம் ஒன்றையே மாற்ற வேண்டும். இரண்டை ஒரே சமயத்தில் மாற்றினால், குணம் ஏற்பட்டது எதனால் என்றும் தெரியாது, கெட்டது எதனால் என்றும் தெரியாது.

மெயின் ஜெட்டைப் பரீட்சிக்க, எஞ்சின் நன்றாகச் சூடான பின்பு, போக்குவரத்து இல்லாத நேரான சாலையில், தலைக்கவசம் அணிந்து, சுமையுடனோ மேட்டிலோ முழுக் கைப்பிடியில் ஓட்ட வேண்டும். எஞ்சின் கனத்துப்போய், முக்கி முனகி, கரும்புகை விட்டால் ஜெட் பெரிது. கைப்பிடியை முழுமையிலிருந்து சற்றே மூடியவுடன் வண்டிக்கு உற்சாகம் பிறந்தால் ஜெட் சிறிது. எப்போதும் பெரிய ஜெட்டில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்குவதுதான் புத்திசாலித்தனம். பெரிய ஜெட் பிளக்கைக் கரியாக்கும், கழுவிவிடலாம். சிறிய ஜெட் பிஸ்டனை ஓட்டையாக்கிவிட்டால் கழுவிப் பயனில்லை.

பைலட்டுக்கு வருவோம். சூடான எஞ்சினைச் சற்று வேகமான ஐட்லிங்கில் விட்டு, காற்றுத் திருகை மெதுவாகத் திருகி, எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். காற்றை அடக்கும் இந்தத் திருகை உள்ளே திருகினால் கலவை கெட்டியாகும். வெளியே திருகினால் நீர்க்கும். முழுவதும் உள்ளே திருகியபின் ஒன்றிலிருந்து இரண்டரைச் சுற்றுக்குள் நல்ல இடம் அகப்பட்டால் ஜெட் சரி. ஒரு சுற்றுக்குக் குறைவாகவே நிற்க விரும்பினால் பைலட் ஜெட் சிறிது. மூன்று சுற்று வெளியே வந்தும் திருப்தி இல்லாவிட்டால் பெரிது. பல புது மாதிரி வண்டிகளில் திருகு எஞ்சின் பக்கமாக அமைந்து, காற்றை அல்ல, பெட்ரோலை அடக்குகிறது. அங்கே கணக்குத் தலைகீழ் என்பதை மறக்கக் கூடாது.

கால் பங்கு வரை திறக்கும்போது கார்புரேட்டர் வழியாக எஞ்சின் திருப்பித் தும்மினால், வெட்டுக் குறைந்த ஸ்லைடு தேவை. கட்டைக் குரலில் இடறி ஓடினால், வெட்டு அதிகமான ஸ்லைடு தேவை. கடைசியாக ஊசி. பாதிக் கைப்பிடியில் வண்டி தயங்கி, சூடேறி, தும்மினால் ஒரு காடி உயர்த்துங்கள். மந்தமாக ஓடிப் பெட்ரோலை விழுங்கினால் ஒரு காடி இறக்குங்கள். ஒரே ஒரு காடி!

பிளக்கின் சாட்சி

ஒவ்வொரு பரீட்சைக்கும் சாட்சி வேண்டுமல்லவா? அந்தச் சாட்சி ஸ்பார்க் பிளக். குறித்த கைப்பிடி நிலையில் சிறிது தூரம் ஓட்டி, இக்னிஷனை அணைத்து, அதே கணத்தில் கிளட்சைப் பிடித்து, வண்டியைத் தானாக நிற்கவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நேராக வீட்டு வாசல் வரை ஓட்டி வந்து, ஐந்து நிமிஷம் ஐட்லிங்கில் விட்டபின் பார்த்தால், அது பைலட் ஜெட்டைப் பற்றியே சாட்சி சொல்லும்.

வறட்டு வெண்மை, நீர்த்த கலவைக்கு அடையாளம். காய்ந்த கரி, கெட்டிக் கலவைக்கு அடையாளம். இளம் காப்பி வர்ணம் உத்தமம். ஆனால் இந்தக் காப்பி வர்ணம் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் தெளிவாகத் தெரிந்தது. 2000-ம் வருஷம் பிப்ரவரி முதல் இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்தபின் வர்ணம் வெளுத்துவிட்டது. ஆகையால் பிளக்கை மட்டும் நம்பாமல், கைப்பிடிக்கு எஞ்சின் தரும் பதிலையும், பெட்ரோல் கணக்கையும் சேர்த்துப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பெட்ரோல் மாறிய கதை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நம் தேசத்தில் பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2022-ம் வருஷத்தில் நூற்றுக்கு 10 என்னும் அளவை எட்டியது. 2023 பிப்ரவரியில் நூற்றுக்கு 20 கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, 2025-ல் அதுவே நாடெங்கும் பொது வழக்காயிற்று. கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் நம் நாட்டிலேயே உண்டாகும் பொருள் என்பதால், அந்நியச் செலாவணி மிச்சமாகிறது என்பது இதன் அனுகூலம். அது பற்றி நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது என்பதுதான் தொல்லை.

எத்தனால் ஒரு பங்கு எரிய 9 பங்கு காற்றே போதும். ஆகவே நூற்றுக்கு 20 கலந்த பெட்ரோலுக்கு 14.7 அல்ல, சுமார் 13.5 பங்கு காற்றே தேவை. பழைய ஜெட் பழைய அளவே பெட்ரோலை விடுகிறது. எஞ்சின் பழைய அளவே காற்றை இழுக்கிறது. முடிவு என்ன? சுத்தப் பெட்ரோலுக்கு என்று அமைத்த கலவை நூற்றுக்கு ஏழு அல்லது எட்டுப் பங்கு நீர்த்துவிடுகிறது. மின்சார மூளை உள்ள புதிய வண்டி, புகையைத் தானே முகர்ந்து பார்த்து இந்தக் குறையை நிரப்பிக்கொள்கிறது. பழைய வண்டிக்கு மூக்கு இல்லை. அதன் சொந்தக்காரரின் மூக்கைத்தான் அது நம்பியிருக்கிறது.

ஆகவே, காலையில் சோக் இல்லாமல் கிளம்ப மறுப்பது, கைப்பிடியை மூடும்போது புகைக் குழாயில் வெடிப்பது, நடுத்தரத் திறப்பில் தயங்குவது ஆகிய புகார்கள் எழுந்தால், நூற்றுக்கு ஏழு என்னும் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு, ஊசியை ஒரு காடி உயர்த்தியும், மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றியும், காற்றுத் திருகைச் சிறிது உள்ளே திருகியும், முன் சொன்ன வரிசையில் ஒவ்வொன்றாகப் பரீட்சிக்க வேண்டியதுதான். ஆனால் எல்லா வண்டிக்கும் இது அவசியம் என்று நாம் சொல்லவில்லை. பழைய வண்டிகள் சில ஆரம்பத்திலேயே கெட்டிக் கலவையில் அமைந்தவை. அவற்றுக்குப் புதிய பெட்ரோல் பொருந்தியே போகலாம். பரீட்சைதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எத்தனாலில் எரிசக்தி குறைவு. நூற்றுக்கு 20 கலந்தபின் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி நூற்றுக்கு ஆறு, ஏழு குறைந்தே தீரும். அதை எந்த ஜெட்டும் திருப்பித் தராது. பழைய ரப்பர்க் குழாய்களும் அடைப்பான்களும் எத்தனாலில் ஊறிக் கெடுவதற்கும் ஜெட் மருந்தல்ல. அவற்றைப் புதிதாக மாற்றத்தான் வேண்டும். ஊசியை இறக்கி மைலேஜைத் திரும்பப் பெறலாம் என்று யாராவது ஆசை காட்டினால், பிஸ்டனை அடகு வைத்துப் பெட்ரோல் வாங்கச் சொல்லுகிறார் என்று அறிந்துகொள்ளுங்கள்.

மலைக்கு ஒரு கணக்கு

இராசிபுரம், நாமக்கல் பக்கத்து வாலிபர்களுக்குக் கொல்லிமலை என்றால் தனி மோகம். காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள்! கார்புரேட்டர் ஊசிக்கும் அங்கே சோதனைதான். மலைமேல் ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய நூற்றுக்கு 9 குறைகிறது. கலவை சுமார் நூற்றுக்கு 5 கெட்டியாகிறது. இதிலிருந்து ஒரு ருசிகரமான உண்மை விளங்கும். சுத்தப் பெட்ரோலுக்கு அமைந்த பழைய வண்டியில் இன்றைய பெட்ரோலை ஊற்றினால், கீழே உண்டாகும் நீர்ப்பின் பெரும் பகுதியை மலைக் காற்று சரிக்கட்டிவிடுகிறது. "மலையில் அருமையாக ஓடிற்று, ஊருக்கு வந்தால் தும்முகிறது" என்று ஒருவர் சொன்னால் அதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. சமவெளியில் கலவை நீர்த்திருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

இதற்காக மலைக்கு ஒரு ஜெட், ஊருக்கு ஒரு ஜெட் என்று சட்டைப் பையில் எடுத்துச் செல்லவும் வேண்டாம். ஒரு நாள் பிரயாணத்துக்கு அந்த நூற்றுக்கு 5 பொறுக்கக் கூடியதே. மலையில் மாற்றிய ஜெட்டை மறந்து, அதே சிறிய ஜெட்டோடு சமவெளிக்கு இறங்குவதுதான் பொறுக்க முடியாத ஆபத்து. சித்திரை வெயிலுக்கும் மார்கழிக் குளிருக்கும் உள்ள வித்தியாசம் இதைவிடச் சிறியது. அதற்காக ஜெட்டை மாற்றவே வேண்டியதில்லை.

கம்பி வைத்தியம்

கடைசியாக, ஒரு வழக்கத்தைக் கண்டித்தே ஆக வேண்டும். அடைத்த ஜெட்டைக் கம்பியால் குத்துவது, போதாத ஜெட்டைக் கம்பியால் குடைந்து பெரிதாக்குவது என்னும் வைத்தியம் எங்கும் பரவியிருக்கிறது. துவாரத்தின் குறுக்களவு நூற்றுக்கு 10 கூடினால் அதன் பரப்பு நூற்றுக்கு 21 கூடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் பல நம்பர்களைத் தாண்டிவிடும். பித்தளை மேல் பொறித்த நம்பரோ பழையபடியே நின்று பொய் சொல்லிக்கொண்டிருக்கும். ஜெட்டைக் கரைப்பானில் ஊறவைத்து, அழுத்தக் காற்றால் சுத்தம் செய்யுங்கள். அப்படியும் தீராவிட்டால் புதிது வாங்குங்கள். பிஸ்டனும் சிலிண்டரும் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் ஜெட்டின் விலை அற்பம்.

அதேபோல, வெகு நாள் ஓடிய வண்டியில் ஊசி உராய்ந்து உராய்ந்து ஊசி ஜெட்டின் வாய் முட்டை வடிவமாகிவிடுகிறது. நடுத்தரத் திறப்பில் பெட்ரோல் கொட்டுகிறது. ஊசியைக் கீழே இறக்கி இதை மறைக்கலாம், போக்க முடியாது. ஊசியையும் ஊசி ஜெட்டையும் ஜோடியாக மாற்றுவதே பரிகாரம்.

கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் இளம் வயதில் வெள்ளைக்காரர் ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதன் மேல் ஊர்வலம் போவதோடு திருப்தி அடையவில்லை. அக்கு அக்காகக் கழற்றி, மறுபடியும் பூட்டி, அது எப்படி ஓடுகிறதென்று அறிந்துகொண்டார். பொருளை விலைக்கு வாங்குவது ஒன்று; அதை அறிந்து ஆள்வது மற்றொன்று. முதலாவதற்குப் பணம் போதும். இரண்டாவதற்குப் பொறுமையும் ஒழுங்கும் வேண்டும்.

நம் பட்டறைகளில் இந்த அறிவு உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சினின் குரலைக் கேட்டே எந்த ஜெட் என்று சொல்லும் கை தேர்ந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். புதிய வண்டிகளில் இந்த வேலை இல்லாததால், அவர்களுடைய சிஷ்யர்களுக்கு அதைக் கற்கும் அவசியம் குறைந்து வருகிறது. இன்னும் பல வருஷங்களுக்குப் பழைய வண்டிகள் ஓடத்தான் போகின்றன. கற்பிப்பவர் இல்லாமல் போனால் கம்பி வைத்தியமே மிஞ்சும். இதற்கு நாம் சொல்லும் யோசனை ஒன்றுதான். வீட்டில் பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதுவதுபோல, வண்டிக்கும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்தத் தேதியில் எந்த நம்பர் ஜெட், ஊசி எந்தக் காடி, திருகு எத்தனை சுற்று, பிளக்கின் வர்ணம் என்ன, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மெக்கானிக்கிடம் கேட்டு எழுதுங்கள். கேட்பவர் இருந்தால் சொல்பவரும் கவனமாகச் செய்வார். பக்கத்தில் நிற்கும் பையனும் கற்றுக்கொள்வான்.